கெடா முழுதாக வந்துசேர்ந்ததா? ஏபிஐ பக்கங்கள்: தவறான நம்பிக்கைகளும் உண்மைகளும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் ரப்பர் மரம் நின்ற நிலங்களில் இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் நிற்கின்றன. தோட்டம் துண்டாடப்பட்டு, ஆள்கள் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் பெயர்ந்துபோன பிறகு, அங்கே ஒரு தோட்டம் இருந்தது என்பதற்குப் பல இடங்களில் மிஞ்சும் சாட்சி ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயர்தான். அதனால் ஊர், தோட்டம், பள்ளி, கோயில் என்று பட்டியல் தொகுக்க முன்வரும் ஆசிரியர்களும் மாணவர்களும் செய்வது பெரிய காரியம்.

அந்தத் தொகுப்பு வேலையை இப்போது ஒரு சிறு நிரலிடம் ஒப்படைக்க முடிகிறது. விக்கிப்பீடியா, உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஃப், பொதுமக்கள் படம் எடுத்துப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட், மலேசிய அரசின் திறந்த தரவுத் தளம் என எல்லாவற்றுக்கும் ஏபிஐ என்ற வாசல் உண்டு. நிரல் கேட்கும், தளம் கொடுக்கும். ஆனால் மொத்தமாகக் கொடுக்காது, பக்கம் பக்கமாகவே கொடுக்கும். எல்லாப் பக்கமும் வந்துசேர்ந்ததா என்று பார்ப்பது கேட்டவரின் பொறுப்பு. இந்த இடத்தில்தான் சில நம்பிக்கைகள் நம்மை ஏமாற்றுகின்றன.

நம்பிக்கை 1: பிழைச் செய்தி வரவில்லை என்றால் எல்லாம் வந்துவிட்டது.

உண்மை: எத்தனை வேண்டும் என்று சொல்லாமல் கேட்டால், விக்கிப்பீடியா ஒரு பகுப்பிலிருந்து 10 பக்கங்களை மட்டும் தரும். ஜிபிஃப் 20 பதிவுகள் தரும். நிரலர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் 30 தரும். மூன்றும் ‘200 ஓகே’ என்ற வெற்றிக் குறியோடுதான் வரும். தோட்டத்துப் பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கில், செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தின் முதல் பக்கத்துப் பெயர்களை மட்டும் வாசித்துவிட்டுக் கிராணி (எழுத்தர்) அதை மூடினால், மற்றவர்கள் வந்து நின்றும் வராதவர்களே. விக்கிப்பீடியாவின் பகுப்பு அகரவரிசையில் வருவதால் அலோர் ஸ்டார் தப்பிவிடும், லூனாஸ் விடுபடும். அதன் விடையில் ‘கண்டினியூ’ என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலுள்ள குறியை ஓர் எழுத்தும் மாற்றாமல் அடுத்த அழைப்பில் திருப்பி அனுப்ப வேண்டும். அது இல்லாத விடைதான் கடைசி விடை.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் ஓவர்பாஸ் சேவையில் இன்னும் கவனம் தேவை. தேடலின் நடுவில் நேரம் தீர்ந்துபோனாலும் அது 200 என்றே சொல்லக்கூடும். அரைகுறையாக முடிந்த செய்தி ‘ரிமார்க்’ என்ற ஒரு வரியில் மட்டும் இருக்கும்.

நம்பிக்கை 2: ஆயிரம் வேண்டும் என்று கேட்டால் ஆயிரமும் வரும்.

உண்மை: ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. சாதாரணப் பயனருக்கு விக்கிப்பீடியா ஓர் அழைப்பில் 500 வரை தரும். ஜிபிஃப் 300, ஐநேச்சுரலிஸ்ட் 200, கிட்ஹப் 100. அதற்கு மேல் கேட்டால், சத்தமில்லாமல் குறைத்துக் கொடுக்கும் தளங்கள் உண்டு.

குனோங் ஜெராய் மலையின் பறவைப் பதிவுகளை ஜிபிஃபில் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கேட்கிறீர்கள், 300 வருகிறது. உங்கள் நிரலோ ஆயிரம் வந்ததாகக் கணக்கிட்டு, அடுத்த அழைப்பை 1001ஆம் பதிவிலிருந்து தொடங்குகிறது. இடையிலிருந்த 700 பதிவுகள் போனது போனதுதான். எந்த எச்சரிக்கையும் வராது. எத்தனை கேட்டோம் என்பதை வைத்து நகராமல், எத்தனை வந்தது என்பதை வைத்து நகர வேண்டும்.

நம்பிக்கை 3: பக்கங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் புரட்டினால் எதுவும் விடுபடாது.

உண்மை: நாம் புரட்டிக்கொண்டிருக்கும்போதே பட்டியல் நகர்கிறது. ஐநேச்சுரலிஸ்டில் கெடாவின் பதிவுகளைப் புதியது முதலில் என்ற வரிசையில் 200 200ஆக எடுக்கிறீர்கள். முதல் பக்கம் வந்து, இரண்டாம் பக்கத்தைக் கேட்பதற்குள் லங்காவியிலிருந்து யாரோ மூன்று படங்களை ஏற்றிவிட்டார்கள். முதல் பக்கத்தின் கடைசி மூன்று பதிவுகள் இரண்டாம் பக்கத்தின் தலையில் மறுபடி வரும். இரட்டிப்பு கண்ணில் படும், நீக்கிவிடலாம். ஆனால் அந்த இடைவேளையில் யாரோ முதல் பக்கத்திலிருந்த மூன்று பதிவுகளை அழித்திருந்தால், இரண்டாம் பக்கத்தில் இருக்க வேண்டிய முதல் மூன்றும் மேலேறி முதல் பக்கத்துக்குப் போய்விடும். நாம் அந்தப் பக்கத்தைத் தாண்டி வந்துவிட்டோம். அவை நம் கைக்கு வரவே மாட்டா.

இதற்குத் தீர்வு, பக்க எண்ணை விட்டுவிட்டு அடையாள எண்ணைப் பிடித்துக்கொள்வது. பதிவுகளை அடையாள எண்ணின் ஏறுவரிசையில் கேளுங்கள். கடைசியாக வந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, ‘இதற்கு மேற்பட்டவை’ என்று அடுத்த அழைப்பை அனுப்புங்கள். ஐநேச்சுரலிஸ்ட் இதற்கென்றே ஒரு வசதி வைத்திருக்கிறது. வேறு தளங்களில் இது கர்சர் என்ற பெயரில் இருக்கும்.

நம்பிக்கை 4: பக்கம் குறைவாகவோ வெறுமையாகவோ வந்தால் அதுவே முடிவு.

உண்மை: விக்கிப்பீடியாவில் பகுப்பைப் பெயர்வெளி (பக்க வகை) வாரியாக வடிகட்டிக் கேட்டால், 500 கேட்ட இடத்தில் சிலதான் வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம் என்று அதன் ஆவணமே சொல்கிறது. முதலில் ஒரு பக்கத்தை எடுத்துப் பிறகு வடிகட்டுவதால் இப்படி ஆகிறது. தொடர்ச்சிக் குறி இருக்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஜிபிஃப் ‘எண்ட் ஆஃப் ரெக்கார்ட்ஸ்’ என்று தனியாகவே சொல்கிறது. முடிந்ததா என்பதை அதைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

நம்பிக்கை 5: ஊர்ப் பெயர்கள் வந்துவிட்டால் விவரங்களும் வந்துவிட்டன.

உண்மை: நான் அதிகம் அஞ்சுவது இந்தத் தவறுக்குத்தான். கெடா ஊர்கள் 50ஐயும் அவற்றின் ஆயத்தொலைவையும் ஒரே அழைப்பில் விக்கிப்பீடியாவிடம் கேட்கிறீர்கள். 50 பெயர்களும் வரும். ஆயத்தொலைவுக்குத் தனி வரம்பு உண்டு, சொல்லாமல் விட்டால் அது 10தான். ஆகவே பத்து ஊர்களுக்கு மட்டும் இடம் வரும். மற்ற நாற்பதையும் பார்ப்பவர், ‘இவற்றுக்கு யாரும் இடம் பதியவில்லை’ என்று முடிவுகட்டுவார். வரைபடத்தில் பத்துப் புள்ளிகள்தான் விழும். விக்கிப்பீடியாவில் ஒழுங்காகப் பதிந்திருந்த ஊர்களை நம் நிரலே இல்லாமல் ஆக்கிவிடும். ‘பேட்ச் கம்ப்ளீட்’ என்ற குறி வரும்வரை தொடர்ந்து கேட்டு, அதே ஊரின் பழைய விவரத்தோடு புதியதைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

இதே போல, பகுப்பைக் கேட்டால் துணைப்பகுப்புகளின் பெயர்தான் வரும். அவற்றுக்குள் இருக்கும் கட்டுரைகளை உள்ளே நுழைந்து தனியே கேட்க வேண்டும்.

நம்பிக்கை 6: பொறுமையாகப் புரட்டினால் கடைசிப் பதிவுவரை போய்விடலாம்.

உண்மை: பல தளங்கள் நடுவில் கதவை மூடிவிடும். பக்க எண் வழியாக ஐநேச்சுரலிஸ்ட் 10,000 பதிவுகளுக்கு மேல் விடாது. ஜிபிஃபின் தேடல் ஒரு லட்சத்தோடு நின்றுவிடும். கிட்ஹப்பின் தேடல் 1,000தான். கூகுள் பிளேசஸின் பழைய ‘அருகில் தேடு’ சேவை மொத்தமே 60 இடங்கள் தரும், பக்கத்துக்கு 20 வீதம். ‘கெடாவில் தமிழ்ப்பள்ளி’ என்று ஒரே வீச்சில் கேட்பவர் இந்த வரம்பை நினைவில் வைக்க வேண்டும். விடை சரியாக 60, 1,000 போன்ற வரம்பு எண்ணில் முடிந்தால் சந்தேகப்படுங்கள்.

வழி இருக்கிறது. கேள்வியைப் பிரியுங்கள். கெடாவில் 12 மாவட்டங்கள். கோல மூடா, கூலிம், பாலிங், சிக் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அப்படியும் வரம்பைத் தொட்டால் ஆண்டு வாரியாகப் பிரியுங்கள். ஜிபிஃபில் பெரிய தொகுப்புகளுக்கு மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதியே உண்டு.

நம்பிக்கை 7: ஒரு பக்கம் தவறினால் பரவாயில்லை, ஒரே பெயர் இருமுறை வந்தால் ஒன்றை நீக்கிவிடலாம்.

உண்மை: வேகமாகக் கேட்டால் தளம் 429 என்ற எண்ணைச் சொல்லி நிறுத்தச் சொல்லும். பொறுத்திருந்து அதே பக்கத்தை மறுபடி கேட்க வேண்டும். அதைத் தாண்டிப்போகும் நிரல் பட்டியலின் நடுவில் ஓட்டை போடுகிறது. இரட்டிப்பை நீக்கும்போதும் பெயரை நம்பக் கூடாது. பீடோங் பக்கம் ஹார்வார்டு தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பிரிவு 1, 2, 3 என்று மூன்று. பெயரைச் சுருக்கி ஒப்பிடும் நிரல் மூன்றையும் ஒன்றாக்கிவிடும். ஒவ்வொரு பள்ளிக்கும் கல்வி அமைச்சு தனிக் குறியீடு தந்திருக்கிறது. அதை வைத்து ஒப்பிடுங்கள்.

பட்டியலை வெளியிடுமுன் நான்கு காரியங்கள் செய்யுங்கள். தளம் சொன்ன மொத்த எண்ணிக்கையையும் கையில் வந்த தனித்த அடையாள எண்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். தளம் சொல்வது சில இடங்களில் தோராயமாக இருக்கும் என்பதையும் மறவாதீர்கள். முடிவுக் குறியைக் கண்டபிறகுதான் நிரல் நின்றதா என்று பாருங்கள். எடுத்த தேதியைப் பட்டியலிலேயே எழுதுங்கள். கடைசியாக, பாடாங் செராயிலோ கோலகெட்டிலிலோ வளர்ந்த ஒரு பெரியவரிடம் பட்டியலைக் காட்டி, அவர் பிறந்த தோட்டம் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று அவர் சொன்னால், அதை வெளியிடாதீர்கள். விடுபட்ட பக்கத்தைத் தேடி எடுத்துச் சேர்த்த பிறகு வெளியிடுங்கள்.