முதலுதவிப் பயிற்சியில் சேரப் போறீங்களா? பணம் கட்டும் முன் இதைப் படிங்க!

வீட்டில் ஒருவருக்குத் திடீரென வலிப்பு வருகிறது. ஒருத்தர் சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் திணிக்கிறார். இன்னொருத்தர் பல்லுக்கு நடுவே கரண்டியை வைக்கப் பார்க்கிறார். எல்லோருக்கும் நல்ல மனசுதான். ஆனால் சாவிக்கொத்தால் வலிப்பு நிற்காது. கரண்டியால் பல் உடையலாம், மூச்சும் அடைக்கலாம். செய்ய வேண்டியது எளிது: சுற்றியுள்ள பொருட்களை நகர்த்தி, தலைக்கு அடியில் துணி வைத்து, வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

108-க்கு போன் செய்துவிட்டோம், ஆம்புலன்ஸ் வந்துவிடும் என்பது சரிதான். ஆனால் இதயம் நின்றுபோனால் சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். அந்த நிமிடங்களில் பக்கத்தில் இருக்கப்போவது நாம்தான். அதற்குத்தான் பயிற்சி.

யாருக்காகக் கத்துக்கிறீங்க?

இதை முதலில் முடிவு செய்யுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால், குழந்தைகளுக்கான முதலுதவி பாடத்தில் இருக்க வேண்டும். தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் பெரியவர்களுக்கு வயிற்றை அழுத்துவார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அப்படிச் செய்யவே கூடாது. முதுகில் தட்டி, மார்பில் அழுத்தும் முறைதான் சரி. வயல்வேலை செய்பவர்களுக்குப் பாம்புக்கடி பற்றிய பாடம் முக்கியம். கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கீறி விடுவதும் ஆபத்து.

வேலைக்காக என்றால் சான்றிதழைக் கவனியுங்கள். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டப்படி, முதலுதவிப் பெட்டி மாநில அரசு ஏற்கும் முதலுதவிச் சான்றிதழ் பெற்றவரின் பொறுப்பில் இருக்க வேண்டியிருந்தது. பேருந்து நடத்துநர் உரிமத்துக்கும் முதலுதவிச் சான்றிதழ் கேட்பார்கள். எந்த அமைப்பின் சான்றிதழ் செல்லும் என்று, அதைக் கேட்கும் அலுவலகத்திலேயே விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

எங்கே கத்துத் தர்றாங்க?

இந்திய செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் நீண்ட காலமாக முதலுதவிப் பயிற்சி அளித்து வருகின்றன. உங்கள் மாவட்டக் கிளையில் அடுத்த வகுப்பு எப்போது என்று கேளுங்கள். சில மருத்துவமனைகளும் தனியார் நிறுவனங்களும் நடத்துகின்றன.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

1. பொம்மையில் பயிற்சி உண்டா? இதுதான் முதல் கேள்வி. இதயம் நின்ற பெரியவருக்கு, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இதை வீடியோ பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்; ஆனால் அந்த அழுத்தம் கைக்குப் பழக வேண்டும்.

2. ஒரு பொம்மைக்கு எத்தனை பேர்? ஐம்பது பேருக்கு ஒரே பொம்மை என்றால் வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் வருவீர்கள்.

3. தமிழில் நடத்துவார்களா? பதற்றத்தில் நினைவுக்கு வருவது நமக்குப் புரிந்த மொழியில் கேட்டதுதான்.

4. கடைசியில் செய்முறைத் தேர்வு உண்டா?

5. சான்றிதழ் எத்தனை ஆண்டு செல்லும்? மறுபயிற்சி உண்டா?

“ஒரு மணி நேரத்தில் ஆன்லைன் சான்றிதழ்” என்ற விளம்பரத்தைப் பார்த்தால் இந்த ஐந்தையும் கேட்டுப் பாருங்கள். பதில் தானாகத் தெரிந்துவிடும்.

பதிவு செய்யும்போது

அடையாள அட்டை நகல், புகைப்படம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொடாமல், அமைப்பின் சொந்த இணையதளத்துக்கோ அலுவலகத்துக்கோ சென்று விசாரியுங்கள். தனிநபர் எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். அமைப்பின் பெயரில் ரசீது வாங்குங்கள். சான்றிதழில் பெயர் எப்படி வர வேண்டும் என்பதை எழுத்துப் பிழையில்லாமல் கொடுங்கள். பின்னால் திருத்த அலைய வேண்டாம்.

“உதவப் போய் வம்பு வந்தா?”

பலரைத் தடுப்பது இந்தப் பயம்தான். சாலை விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுபவரைப் பாதுகாக்க, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மருத்துவமனையில் சேர்த்தவர் தன் பெயர், முகவரியைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது.

இப்போ உங்களுக்கு ஒரு சின்னத் தேர்வு

கையில் கொதி எண்ணெய் பட்டுவிட்டது. பற்பசையா, மாவா, தண்ணீரா?

விடை: ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசையும் வேண்டாம், மாவும் வேண்டாம்.

தவறாகச் சொல்லியிருந்தால் வருத்தப்பட வேண்டாம். இந்த வாரமே ஒரு போன் செய்து, அடுத்த வகுப்புத் தேதியைக் கேளுங்கள். வீட்டில் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மயங்கி விழுவது நீங்களாகவும் இருக்கலாம் இல்லையா?