துரு பார்க்கத் தெரிந்தால் எளாவூரில் தொழில் உண்டு

எளாவூர், ஆரம்பாக்கம், சுண்ணாம்புக்குளம் பக்கத்துப் பிக்கப் வண்டிகளுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, பழவேற்காடு ஏரியிலிருந்து வரும் உப்புக் காற்று. இன்னொன்று, மீன் பெட்டிகளிலிருந்து உருகி வழியும் ஐஸ் தண்ணீர். அது வண்டியின் சரக்குத் தொட்டியின் தகட்டு மடிப்புகளில் இறங்கி, சேஸின் குழல் சட்டத்துக்குள் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். வீட்டு வாசலில் பழைய பிக்கப்பைப் புதுப்பிக்கும் தொழிலில் இறங்க நினைக்கிறீர்களா? ஸ்ப்ரே கன் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். முதலில் துருவைப் படியுங்கள்.

எந்த வண்டியில் கைவைப்பது? ஊரெல்லாம் ஓடும் வண்டிக்கு உதிரிபாகம் கிடைக்கும், போட்டியும் இருக்கும். அதிகம் விற்காத வண்டியில்தான் கைத்திறனுக்குக் காசு. இசுசு டி-மேக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்திலேயே, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் ஆலையில், ஒப்பந்த அடிப்படையில் கொஞ்ச காலம் தயாரானது. 2016 ஏப்ரலில் இசுசு, தடாவைத் தாண்டி ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலையைத் திறந்ததும் உற்பத்தி அங்கே போனது. திருவள்ளூரில் பிறந்த அந்த முதல் வண்டிகளுக்கு இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. இதைவிட அரிதானது வேண்டுமென்றால் 1988-இல் வந்த டாடா மொபைல் 206 இருக்கிறது. சென்னை ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் ‘ஸ்டாண்டர்ட் 20’ கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஆனால் அதற்குத் தகடு கடையில் கிடைக்காது, நீங்களே வளைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த ‘விண்டேஜ்’ பதிவு விதி, இருசக்கர வண்டிகளுக்கும் பயணிகள் காருக்கும்தான். சரக்குப் பிக்கப்புக்கு அந்தச் சலுகை இல்லை. எஃப்.சி., ஆர்.சி. புதுப்பிப்பு எல்லாம் வழக்கம்போலத்தான்.

காகிதத்தைப் பார்த்த பிறகே ஸ்பேனரை எடுங்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸ் எண்ணும் சட்டத்தில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். உப்பு அந்த எண்ணையே தின்றிருந்தால் அங்கே கிரைண்டர் வைக்காதீர்கள், நீங்களாக மறுபடி அடிக்கவும் கூடாது. உரிமையாளரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பி, எழுத்தில் அனுமதி வந்த பிறகு தொடுங்கள். அழகுபடுத்துவதிலும் எல்லை உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முன்னால் மாட்டும் புல் பார் 2017 முதலே கூடாது. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். தொட்டிக்கு உள்பூச்சு, நல்ல இருக்கை உறை, மடிப்புகளுக்குப் புது சீலன்ட் இவற்றில் தாராளமாகக் கைவண்ணம் காட்டலாம். எளாவூர் சோதனைச் சாவடிக்குப் பக்கத்திலேயே பட்டறை வைத்துக்கொண்டு உயரம் ஏற்றிய வண்டியை வெளியே விடுவது புத்திசாலித்தனமா என்று யோசியுங்கள்!

இனி துரு. சின்னச் சுத்தியலால் சட்டத்தை வரிசையாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு ‘ணங்’கென்று பேசும், செத்த இரும்பு ‘டொக்’கென்று அடங்கும். பின் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடம், கேபின் உட்காரும் ரப்பர் புஷ்களின் அடி, சக்கர வளைவின் உள்மடிப்பு, பிரேக் பைப் ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். பொருக்கு உதிர்ந்தால் நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். மேலே தகடு ஒட்டிப் பட்டி பூசுவது ஏமாற்று வேலை. பளு தாங்கும் சேஸ் சட்டமே ஓட்டையானால் அனுபவமுள்ள வெல்டரிடம் விடுங்கள். உடல் தகட்டை நீங்களே செய்யலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மிக் வெல்டிங்கில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொட்டு வையுங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு நெளியும்.

நம் பக்கத்தில் பலர் தவறவிடும் படி ஒன்று உண்டு. துருவைத் தேய்த்து எடுத்த பிறகும் குழிகளுக்குள் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடியுங்கள். இரவு வெளியே விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். குழல் சட்டத்துக்குள் மெழுகுப் பூச்சு விடுங்கள், அடைத்த வடிகால் ஓட்டைகளைத் திறந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயின்ட் வேலைக்குத் தேதி கொடுக்காதீர்கள். இரண்டு கலவை பெயின்டில் ஐசோசயனேட் இருப்பதால் துணி கட்டிக்கொண்டு அடித்தால் நுரையீரல் போகும். குழாய் வழியே வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகக்கவசம் வாங்குங்கள்.

எங்கே கற்பது? ஐ.டி.ஐ.யில் வெல்டர் ஓராண்டு, மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் இரண்டாண்டு. அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ. ரயிலில் போய்வரும் தூரம்தான். என் கணக்கில் வெல்டர் சான்றிதழும், நல்ல மேஸ்திரியிடம் ஓராண்டு எடுபிடி வேலையும் சேர்ந்தால் போதும். பழைய உதிரிபாகத்துக்குப் புதுப்பேட்டை, புதியதற்கு ஜி.பி. ரோடு. எதற்கும் பில் கேளுங்கள்.

பேரம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

“தம்பி, பெயின்ட் மட்டும் அடிச்சுக் குடு, போதும். உள்ள யாரு பாக்கப் போறா?”

“அண்ணே, மேல அடிச்சா ஆறு மாசத்துல மறுபடி பூக்கும். அப்புறம் என் பேருதான் கெடும்.”

இதைச் சொல்லத் தயங்கினால் தொழில் நிற்காது. தொட்டியைக் கழற்றும் முன் மொத்தத் தொகை சொல்லாதீர்கள். பிரித்துப் பார்க்க ஒரு கூலி, அதன் பிறகே மதிப்பீடு. வெட்டும் முன்னும் பின்னும் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பணத்தைக் கட்டம் கட்டமாக வாங்குங்கள்.

கூலி வேலை தொடங்கியதும் வீட்டு மின் இணைப்பை வைத்தே சமாளிக்கப் பார்க்காதீர்கள், தொழிலுக்குரிய இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். கடன் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தைக் கேளுங்கள், சேவைத் தொழிலுக்கு ரூ.20 லட்சம் வரையிலான திட்டம் அதில் அடங்கும். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, அடுத்த ஆவணியில் அடிப்பாகம் கழுவி மெழுகு விட ஒரு தேதியையும் உரிமையாளரிடம் குறித்துக்கொள்ளுங்கள்.