போனில் நல்ல இசை கேட்க

போனில் ஹெட்போன் துளை இல்லையா? விரல் நீளமே உள்ள யு.எஸ்.பி. டாக் ஒன்று போதும். டிஜிட்டல் பாட்டை ஹெட்போனுக்கு ஏற்ற மின்னலையாக மாற்றித் தருவது அதன் வேலை. வாங்கும்போது, உள்ளே டாக் சிப் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். சிப் இல்லாத வெறும் கன்வர்ட்டர்கள் பல போன்களில் வேலையே செய்யாது. சில போன்களில் செட்டிங்ஸில் ஓ.டி.ஜி.யை ஆன் செய்யவும் வேண்டும்.

ஆனால் கருவிக்கு முன்னால் பாட்டைக் கவனியுங்கள். சி.டி. தரம் என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1,411 கிலோபிட். அதை 128-க்குச் சுருக்கிய எம்.பி.3-இல் தொலைந்துபோன தாளச் சிலிர்ப்பையும் வீணையின் கார்வையையும் எந்த டாக்கும் மீட்டுத் தராது. ஃபிளாக் கோப்பு எதையும் இழக்காமல் சுருக்குகிறது. பழைய சி.டி.க்கள் வீட்டில் இருந்தால் ஃபிளாக்காக மாற்றி வையுங்கள், பொக்கிஷம் அது!

ஆண்ட்ராய்டு போன்கள் பெரும்பாலும் எல்லாப் பாட்டையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றியே வெளியே அனுப்பும். யு.எஸ்.பி. ஆடியோ பிளேயர் ப்ரோ போன்ற செயலி அதைத் தவிர்க்கும். காதுக்குத் தெரியும் வேறுபாடு சிறிதுதான்.

கையில் காசு குறைவா? நல்ல ஹெட்போனுக்கே செலவிடுங்கள். பெரிய மாற்றம் அங்கேதான். 16 முதல் 32 ஓம் வரை உள்ள இயர்போன்களைச் சிறு டாக் எளிதாக இயக்கும். சென்ஹைசர் எச்.டி. 600 போன்ற 300 ஓம் ஹெட்போன் என்றால் தனி ஆம்ப் நல்லது.

செருகும் முன் ஒலி அளவைக் குறைத்துவிடுங்கள்.