குறிஞ்சியினின்று நெய்தலுக்கு: போன்சாய் மரங்களின் இடப்பெயர்ச்சி

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், மரமும் புள்ளும் அவற்றைச் சார்ந்த கருப்பொருள் என்றும் தொல்காப்பியர் வகுத்ததை ஆண்டுதோறும் வகுப்பறையில் நடத்திவருகிறோம். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரிய பெரும்பொழுதுகள் என்று கரும்பலகையில் எழுதியும் போடுகிறோம். நிலத்தோடு பொழுதையும் ஏன் சேர்த்துச் சொன்னார் என்பதை நாம் உணர்ந்து கற்ற இடம் வகுப்பறையன்று; விம்கோ நகரில் நம் தாய்மாமா வீட்டு மொட்டைமாடியே ஆகும்.

உதகையில் நெடுங்காலம் பணியாற்றிய மாமா, ஓய்வுபெற்று 2019இல் குடும்ப வீட்டிற்குத் திரும்பினார். அவருடன் 22 போன்சாய் மரங்களும் வந்தன. அவற்றுள் ஒன்று ஜப்பானிய மேப்பிள். மறைந்த மாமி விதையிட்டு வளர்த்தது, இரண்டடி உயரம். ஏப்ரலில் கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னவர்கள் நாமே. கல்லூரி விடுமுறையை எண்ணினோமேயன்றி மரத்தின் பருவத்தை எண்ணினோமில்லை.

'போன்' என்றால் தட்டம், 'சாய்' என்றால் நடுதல். ஜப்பானியர் சீனரிடமிருந்து பெற்று வளர்த்த கலை இது. போன்சாய் தனியொரு மரவகை என்று பலர் கருதுகின்றனர். அது பிழை. காட்டில் வானளாவ வளரும் அதே மரந்தான், வேரும் கிளையும் கத்தரிக்கப்பட்டுத் தட்டத்தில் நிற்கிறது. உருவம் குறுகினும் அதன் இயல்பு குறுகுவதில்லை. பனியைக் கேட்கும் மரம் தட்டத்திலும் பனியைக் கேட்கும்.

மேப்பிள் முதலிய குளிர்நில மரங்கள் இலையுதிர்த்து உறங்குவன. ஏறத்தாழ ஏழு டிகிரி செல்சியசை ஒட்டிய குளிர் பல நூறு மணி நேரம் தொடர்ந்தால்தான் அவற்றின் மொட்டுகள் ஒழுங்காக விழிக்கும். சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையோ 13.9 டிகிரி, அதுவும் 1895 டிசம்பரில்! உறக்கமில்லாத மரம் காலம் தவறித் தளிர்க்கும். சேமித்த உணவைச் செலவிட்டு ஆண்டுக்காண்டு மெலியும். மாமியின் மரமும் அப்படித்தான் ஆயிற்று. வெயிலே காரணமென்று நாம் நிழலைக் கூட்டினோம், நீரைக் கூட்டினோம், உரமும் இட்டோம். 2022இல் அது பட்டுப்போயிற்று. "மாப்பிள்ளை, வெயில் கொன்றதா, குளிரில்லாமை கொன்றதா?" என்று மாமா கேட்டபோது நம்மிடம் விடையில்லை. இக்கட்டுரை அன்று தேடத் தொடங்கியதன் பயன்.

விடையின் ஒரு பகுதி அவ்வூரின் பெயரிலேயே இருந்தது. விம்கோ என்பது 1923இல் சுவீடன் நாட்டார் நிறுவிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கம். தீக்குச்சிக்கு ஏற்ற பாப்ளர் மரத்தை உழவர் வயல்களில் வளர்ப்பிக்க அந்நிறுவனம் பெரிதும் முயன்றது. அம்முயற்சி பலித்ததெல்லாம் உத்தரப் பிரதேசத் தராய், பஞ்சாப், அரியானா ஆகிய வடநிலங்களில். அமெரிக்காவினின்று வந்த அந்த பாப்ளர், நம் நாட்டில் 28 பாகை வடக்கு அகலக்கோட்டிற்கு மேலேதான் செழிக்கும் என்பர். விம்கோ நகரோ 13 பாகையில் உள்ளது. தொழிற்சாலையை நாட்டின் எம்மூலையிலும் எழுப்பலாம். குளிர்காலத்தை அங்கே கொண்டுபோக இயலாது. வெப்பநாடுகளில் சிறு மரங்களைச் சில வாரம் குளிர்பதனப் பெட்டியில் வைப்பாரும் உளர். மாமாவும் ஒருமுறை அதைக் கேட்டுப் பார்த்தார். மீனுக்கே இடம் போதாத பெட்டி அது.

ஆயினும் எல்லா மரமும் அத்தகையன அல்ல. சீன எல்ம், வெப்ப நிலத்தில் இலையை முழுதும் உதிர்க்காமலே வாழக் கற்றுக்கொள்ளும். ஜூனிப்பர் தாக்குப்பிடிக்கும், செழிக்காது. ஆலும் அத்தியின் இனங்களும் புளியும் காகிதப்பூவும் கொடுக்காப்புளியும் இக்கரையை விரும்பி ஏற்பன. ஏறக்குறைய நிலநடுக்கோட்டின்மேல் இருக்கும் சிங்கப்பூரில், ஜூரோங் சீனத் தோட்டத்தினுள் 1992இல் சூச்சௌ பாணியில் ஒரு போன்சாய்த் தோட்டமே திறந்தார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளில் உப்புக்காற்றில் முறுகி வளரும் பெம்பிஸ் என்னும் செடியினம், இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்சிலும் போன்சாய்க்கு மிக உயர்ந்ததாகப் போற்றப்படுகிறது. நாமோ மேப்பிளுக்கு ஏங்குகிறோம்!

வெயிலில் தீமையே இல்லை என்பதும் அன்று. தரையில் நிற்கும் மரத்தின் வேர் குளிர்ந்த ஆழத்தில் இருக்கும். மூன்று விரற்கடை ஆழமுள்ள தட்டத்து வேரோ மாடிச் சிமெண்டோடு சேர்ந்து வேகும். ஆகவே தட்டங்களைச் செங்கல்மேலோ மரப்பலகைமேலோ உயர்த்தி வைத்து, பாதி வெயிலை மறைக்கும் பச்சை வலை கட்டவேண்டும். கோடையில் காலையும் மாலையும் நீர் வேண்டும். அந்நீர் எந்நீர் என்பது இப்பகுதியில் பெரிய கேள்வி. மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. ஆழ்குழாய் நீரை ஊற்றி ஊற்றித் தட்டத்தின் விளிம்பில் வெண்பூச்சு படர்ந்தால் அது உப்பு. இலையோரம் கருகுவது அதன் அடுத்த குறி. ஐப்பசி, கார்த்திகை மழைநீரைத் தொட்டியில் சேர்த்துவைத்தல் நன்று. இயலாவிடில், துளைவழி நீர் வழிந்தோடும்படி மாதம் ஒருமுறையேனும் நல்ல நீரால் மண்ணை அலசவேண்டும்.

இனி இடம் மாற்றுவோர்க்கு: பயணம் மார்கழி, தை மாதங்களில் அமையட்டும், மரம் கோடைக்கு முன் சில மாதம் பழகிக்கொள்ளும். இடம் மாற்றும்போதே தட்டமும் மண்ணும் மாற்றுதல் கூடாது. ஒரு மரத்திற்கு ஒரு நேரத்தில் ஒரு துன்பம் போதும். வந்த சில வாரம் கிளை கத்தரிப்பதும் உரமிடுவதும் வேண்டா. இலையுதிர்த்து உறங்கும் மரங்களை மலையிலேயே, வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைத்து வருவதே அவற்றுக்குச் செய்யும் நன்மை.

மாமாவின் 22 மரங்களுள் இன்று 13 உள்ளன. மேப்பிள் நின்ற தட்டத்தில் ஒரு புளியங்கன்று வளர்கிறது. அதன் விதை, மாமி ஊறுகாய்க்கென்று எடுத்துவைத்திருந்த பழம்புளியிலிருந்து கிடைத்தது என்கிறார் மாமா.