தராசும் பாதரசமும்

மாத முடிவில் விடுதிச் சமையலறையின் கணக்கைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வந்த அரிசி பத்து மூட்டை, உலையில் ஏறியது எட்டு, இருப்பு ஒன்று. மற்றொரு மூட்டை எங்கே? எலி தின்றதோ, எவரேனும் கொண்டு சென்றனரோ, அறியோம். ஆயினும் கேள்வி பிறந்துவிட்டது. பொருளோட்டப் பகுப்பாய்வு என்று இன்று அறிஞர் வழங்கும் முறைக்கு இக்கேள்வியே உயிர்நிலை. பொருள் அழிவதில்லை, ஆகவே உட்சென்றது எவ்வளவோ, அவ்வளவும் வெளியே வந்திருக்கவேண்டும், அன்றேல் உள்ளே தங்கியிருக்கவேண்டும்.

முறை பழையது. இத்தாலிய மருத்துவர் சான்டோரியோ, தராசில் தொங்கும் நாற்காலியில் பல்லாண்டுகள் அமர்ந்து, உண்டதையும் கழித்ததையும் தம் உடலையும் நிறுத்தார். உண்டதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமலே உடலைவிட்டு நீங்குகிறது என்று கண்டு, 1614-இல் நூலாக வெளியிட்டார். 1965-இல் அமெரிக்கப் பொறியாளர் ஏபெல் வோல்மன், பத்து லட்சம் மக்கள் வாழும் கற்பனை நகரொன்றையே தராசில் ஏற்றினார். நாள்தோறும் 6,25,000 டன் நீர் உள்ளே புகுந்தால் 5,00,000 டன் கழிவுநீராக வெளிவரும் என்பது அவர் கணக்கு. வரும் நீருக்கு வழிதேடுவோர், போகும் நீருக்கும் வழிதேடவேண்டும் என்பதை எண்ணால் உணர்த்தினார். இதுவே இம்முறையின் வலிமை.

இனி அதன் எல்லையைக் காண்போம். கொடைக்கானலில் வெப்பமானி செய்யும் ஆலையொன்று இருந்தது. 2001 மார்ச்சில் அவ்வூர்ப் பழைய பொருட்கடையில், ஆலையிலிருந்து வந்த பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு காணப்பட்டது. ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவுப் பொருள்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேற்றப்பட்டன. வாங்கிய பாதரசம் எவ்வளவு, வெப்பமானிகளில் சென்றது எவ்வளவு, காற்றிலும் மண்ணிலும் கலந்தது எவ்வளவு என்ற கேள்விகள் எழுந்தன.

இத்தகைய கணக்கு எத்துணை நுட்பமானது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். எண்கள் விளக்கத்துக்காகக் கொண்டவை. ஓர் ஆலை 100 டன் பாதரசம் வாங்கியது. எட்டுக் கோடி வெப்பமானிகள் செய்தது. ஒன்றில் ஒரு கிராம் வீதம் 80 டன். இருப்பும் சேகரித்த கழிவுமாக 19 டன். மீதம் 1 டன்னுக்குக் கணக்கில்லை. ஆனால் ஒரு வெப்பமானியில் உண்மையில் இருந்தது 0.98 கிராம் என்றால்? எட்டுக் கோடியில் 1.6 டன் குறைகிறது, காணாமற்போனது 2.6 டன் ஆகிவிடுகிறது! பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சிறிய மீதத்தைத் தேடும்போது, அளவையில் நேரும் அணுவளவு பிழையும் மீதத்தை விழுங்கிவிடும்.

இரண்டாவது குறை, தராசுக்கு நஞ்சும் மணலும் ஒன்றே. நாடு முழுவதும் புழங்கும் பொருளை டன் கணக்கில் கூட்டினால், மணலும் கல்லுமே மேலோங்கி நிற்கும். பாதரசம் கண்ணுக்கே தென்படாது. ஆகவே நஞ்சுள்ள பொருளுக்குத் தனிக் கணக்கு எழுதவேண்டும்.

மூன்றாவது குறையே பெரிது. மீதம் எவ்வளவு என்று தராசு சொல்லும். அது எவர் மூச்சில் கலந்தது என்று சொல்லாது. கொடைக்கானல் ஆலையின் முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு உதவித்தொகை அளிக்கும் உடன்பாடு 2016-இல்தான் ஏற்பட்டது. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஆதலின், நண்பர்களே, இம்முறையைக் கைவிடவேண்டியதில்லை. பிழையின் அளவை மறைக்காமல் எண்ணோடு சேர்த்து எழுதுவோம். மீதம் விழுந்த இடத்தில், மண்ணை ஆராய்பவரும் மருத்துவரும் வந்து பார்க்கவேண்டும் என்று கேட்போம். ஆலையில் வேலை செய்தவரையும் உசாவுவோம். ஏட்டில் ஏறாத கணக்கு அவர்களிடம் இருக்கக்கூடும்.