புறப்பற்று பத்தும் அகப்பற்று பதினான்கும்

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுவைக்கு அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. திண்டிவனத்தை அடுத்த எங்கள் பூர்வீக வீட்டின் பின்கட்டிலும் முழங்கால் அளவு நீர் நின்றது. அது வடிந்தபின், அன்னையார் காலமானது முதல் ஒன்பது ஆண்டுகளாகத் திறவாதிருந்த மரப்பெட்டியைத் திறக்க நேர்ந்தது. பட்டும் நூலுமாகப் பதினெட்டுப் புடவைகள், பித்தளைச் செம்புகள், பழைய கடிதக் கட்டு, ஓலைச்சுவடி ஒன்று. மேலே இருந்தவை தப்பின. அடியில் இருந்தவற்றிலோ நீர் புகுமுன்பே இராமபாணப் பூச்சி புகுந்திருந்தது. வேண்டாதவற்றைக் கழித்துவிடலாம் என்றேன். தமக்கையார் பெட்டியின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. "இதில் ஒன்று போனாலும் அம்மாவை இரண்டாம் முறை வழியனுப்புவது போல் இருக்கும், தம்பி" என்றார்.

அதற்கு அன்று என்னிடம் விடையில்லை. சில நாள் கழித்து நூல்களைப் புரட்டியபோது, சிறுவயதில் மனனம் செய்து பின்னர் மறந்துபோன ஒரு பகுப்பிலேயே அது இருக்கக் கண்டேன்.

பரிக்கிரகம் புறம், அகம் என இருவகைப்படும். புறப்பற்று பத்து என்பர்: நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், பணிப்பெண், பணியாள், ஆடை, பாத்திரம். இதனை நம்மில் பலரும் அறிவோம். அகப்பற்று பதினான்கினைத்தான் விரைந்து கடந்துவிடுகிறோம். மித்தியாத்துவம் ஒன்று, குரோதம், மானம், மாயை, உலோபம் என்னும் கஷாயங்கள் நான்கு, சிரிப்பு, இரதி, அரதி, சோகம், பயம், அருவருப்பு ஆகிய ஆறு, வேதம் எனப்படும் பால்வேட்கை மூன்று. இவற்றுள் இரதி, சோகம், பயம் என்னும் மூன்றனிடம் சற்றே நின்று நோக்க வேண்டுகிறேன்.

ஒரு பழம்பொருளைக் கையிலெடுத்து மீண்டும் பரண்மேல் ஏற்றுகிறோமே, அப்போது நம் வாயில் வரும் சொற்கள் யாவை? "நாளைக்குத் தேவைப்பட்டால்?" என்பது பயம். "அம்மா உடுத்தியது" என்பது சோகம். "எவ்வளவு அழகான வேலைப்பாடு" என்பது இரதி. இவ்வுணர்ச்சிகளைப் பொருள் கழிப்பதற்குக் குறுக்கே நிற்கும் தடைகள் என்று நாம் எண்ணுகிறோம். நம் ஆசிரியர்கள் அவற்றையே உடைமைகளாக எண்ணியிருக்கிறார்கள். தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள் பரிக்கிரகத்துக்கு இலக்கணம் வகுக்கையில் பொன்னையோ மண்ணையோ சுட்டவில்லை. மூர்ச்சை எனப்படும் 'எனது' என்னும் மயக்கத்தையே சுட்டினார். ஆகவே தமக்கையார் பற்றியிருந்தது புடவைகளை அன்று. ஒன்பது ஆண்டுச் சோகத்தை. புடவையை வாங்கிக்கொண்டு சோகத்தை அவரிடமே விட்டுவர நான் முயன்றேன். அது நடக்கிற காரியமா?

இங்கே ஒரு கள்ளவழியும் உண்டு. "பற்று மனத்தில்தானே இருக்கிறது; வீடு நிறையப் பொருள் இருந்தால் என்ன? பரத சக்கரவர்த்தி ஆறு கண்டங்களை ஆண்டும் பற்றற்று இருக்கவில்லையா?" என்று கேட்போர் நம் ஊர்களில் குறைவல்லர். பரதரின் பெயரைச் சொல்லிப் பரணை நிரப்புவதை என்னால் ஒப்ப இயலவில்லை. அறிஞர் மூவர் 1990-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு ஏற்ற சான்று. மாணவர்களில் ஒரு பாதியினருக்கு மட்டும் காப்பிக் குவளை ஒன்றை அளித்து, அதனை என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டனர். குவளை பெறாதவர்கள் கொடுக்க முன்வந்த விலையைப் போல் இரு மடங்குக்கும் மேல் அவர்கள் கேட்டனர். சற்றுமுன் கைக்கு வந்த குவளைக்கே அவ்வளவு மூர்ச்சை!

இதன் மறுபுறத்தைக் காண நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் ஆரோவில் வருகிறது. 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கப்பட்ட அந்நகரில் நிலமும் வீடும் தனியார் உடைமை அல்ல. வெளியேறுபவர் தாம் குடியிருந்த வீட்டை விற்க முடியாது. 'ஃப்ரீ ஸ்டோர்' என்று ஓரிடம் உண்டு. அங்கே வசிப்போர் தமக்கு வேண்டாத ஆடைகளையும் பிற பொருள்களையும் கொண்டுவந்து வைக்க, வேண்டியவர் பணமின்றி எடுத்துக்கொள்கின்றனர். நல்ல ஏற்பாடு. எனினும் பத்திரம் இல்லாத வீட்டிலும் பற்று குடியேறக் கூடும். புறத்தை ஓர் ஏற்பாடு நீக்கிவிடலாம். அகத்தை அவரவரே நீக்கிக்கொள்ள வேண்டும்.

இல்லறத்தாருக்கு முனிவரைப் போல் பீலியும் கெண்டிகையுமாக நிற்கும் கடன் விதிக்கப்படவில்லை. பரிக்கிரக பரிமாணம், அதாவது அளவு செய்துகொள்ளலே நமக்குரிய அணுவிரதம். இதிலுள்ள நுட்பம், அளவை முன்னதாகவே செய்துகொள்வது. பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு "எதை விடலாம்?" என்று கேட்டால், ஒவ்வொரு பொருளும் ஒரு வழக்கறிஞரைக் கூட்டி வரும். மூடிய பெட்டியின் முன் அமர்ந்து, "அன்னையின் நினைவாக எத்தனை போதும்?" என்று எண்ணை முடிவு செய்துகொண்டு திறந்தால், எதை வைத்துக்கொள்வது என்பதே கேள்வியாகிறது. துயரம் அப்போதும் இருக்கும். ஆனால் பெட்டியைக் காவல் காக்கும் வேலை அதற்கு இராது.

அகிம்சைப் பக்கமும் ஒன்றுண்டு. எடுத்து உதறாத துணியிலும் புடைக்காத தானியத்திலும் சிற்றுயிர்கள் பெருகுகின்றன. என்றோ ஒருநாள் திறந்து வெயிலில் கொட்டும்போது அவை மடிகின்றன. சேமித்த காலத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே நாளில் ஹிம்சை செய்கிறோம். ஆதலால் ஆண்டுக்கு இருமுறையேனும் மெல்லத் துடைத்து எடுத்துவைக்கக் கூடிய அளவே நமக்குரிய அளவு. பழையதை எரிப்பதும் கூடாது. கிழிந்ததைக் கொடுத்துவிட்டுத் தானம் செய்தேன் என்பதும் தகாது. அது குப்பையை இடம் மாற்றுவதே.

ஓலைச்சுவடி மட்டும் விலக்கு. சமணர் வீடுகளில் யாரோ பரணில் காத்து வைத்ததால்தான் சீவகசிந்தாமணி 1887-இல் உ.வே.சாமிநாதையரால் அச்சேறியது. சுவடி கிடைத்தால் பழைய காகிதக்காரரிடம் போடாதீர்கள். மேல்சித்தாமூர் மடத்திலேனும் சென்னை உ.வே.சா. நூலகத்திலேனும் காட்டுங்கள். அது சாத்திர தானம்.

முதியோர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அவர்தம் பொருளை அள்ளிப் போடும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். எதையும் கழிக்க இயலாமை சிலரிடம் நோயாகவே அமையும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் அதனைத் தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தது. பறித்தால் அச்சந்தான் வளரும்.

தை மாதத்தில் தமக்கையார் தாமே எண் சொன்னார்: இரண்டு புடவை, ஒரு செம்பு. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் மடியில் விரித்து, அது எந்த விசேஷத்துக்கு எடுத்தது என்று கூறிக்கொண்டே வந்தார். மாலை வரை ஆயிற்று. இடையில் அழவும் செய்தார். பூச்சி அரிக்காத நூல்புடவைகள், அன்னையாரை அறிந்த உப்பளத் தொழிலாளப் பெண்கள் இருவருக்குச் சென்றன. கடிதங்களை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார். மரப்பெட்டி காலியாகப் பின்கட்டிலேயே இருக்கிறது. அதைப் பற்றி இருவரும் இதுவரை பேசவில்லை.