சத்தம் எப்போது வருகிறது?

ஆட்டோமேட்டிக் காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால், ‘உய்ங்’ என்கிறது, ‘கடகட’ என்கிறது என்று மெக்கானிக்கிடம் நடித்துக்காட்டுகிறோம். என் அனுபவத்தில் அதனால் பெரிய பயனில்லை. ஒரே ‘உய்ங்’ கியர்பாக்ஸிலிருந்தும் வரும், வீல் பேரிங்கிலிருந்தும் வரும். செலவோ மலைக்கும் மடுவுக்கும். சத்தம் எந்த நிலையில் வருகிறது, எதனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பதுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். டார்க் கன்வெர்ட்டர் உள்ள வழக்கமான கியர்பாக்ஸில் ஆயில் பம்பை என்ஜினே சுழற்றுகிறது. வண்டி நின்றாலும் பம்ப் ஓடும். பார்க்கில் நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிக்கும்போதே சத்தம் கூடினால், குறைந்துபோன ஆயில், அடைத்த ஃபில்டர், தேய்ந்த பம்ப் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். (ஆல்டர்னேட்டரும் என்ஜினோடுதான் சுற்றும், முதலில் அதைக் கழித்துவிட வேண்டும்.) நியூட்ரலில் அமைதி, ‘டி’யில் பிரேக் மிதித்து நிற்கும்போது இரைச்சல் என்றால் டார்க் கன்வெர்ட்டரைப் பார்க்க வேண்டும். அப்போது அதன் ஒரு பாதி சுழல, மறுபாதி நிற்கிறது. நடுவிலுள்ள பேரிங் தேய்ந்திருந்தால் கத்தும். ஒரு கியரில் மட்டும் வந்தால் உள்ளே பிளானட்டரி கியர். எந்தக் கியரானாலும் வேகத்தோடு மட்டும் ஏறி, வளைவில் திரும்பும்போது மாறினால் பெரும்பாலும் வீல் பேரிங். கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம்.

ஸ்கேனர் இருக்க இதெல்லாம் எதற்கு என்பார்கள். சென்சார் உணர்வதைத்தான் ஸ்கேனர் சொல்லும். பேரிங் தேய்மானத்துக்குப் பெரும்பாலும் கோடு வராது. ‘ஆயுள் முழுதும் மாற்ற வேண்டாத ஆயில்’ என்ற வாதமும் உண்டு. கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது. எல்லாச் சத்தமும் கோளாறு அல்ல என்பது மட்டும் நியாயமான மறுப்பு. ஏஎம்டி வண்டியில் ஆக்சுவேட்டரின் ‘டக்’கும், சிவிடியில் அழுத்தி மிதிக்கும்போது என்ஜின் ஒரே சுருதியில் இரைவதும் இயல்பு. அங்கேயும் கேள்வி அதேதான்: முன்பு வராத இடத்தில் இப்போது வருகிறதா?

ஆகவே கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன், மெக்கானிக்கை உடன் அமர்த்தி ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். உலோகம் உரசும் ஓசையோடு கியர் வழுக்கவும் தொடங்கிவிட்டால் அதையும் செய்யாதீர்கள். கயிறு கட்டியும் இழுக்க வேண்டாம். என்ஜின் ஓடாவிட்டால் பம்பும் ஓடாது, உள்ளே ஆயில் பாயாது. நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிச் செல்லும் வண்டியையே வரவழையுங்கள்.